பிளாஸ்டிக் குடத்தை வைத்தே வரையப் பழகலாம்: பென்சில் முதல் வாட்டர் கலர் வரை

வரையக் கற்றுக்கொள்ளணும் என்று ஆசை வந்த உடனே பாதிப் பேர் போய் நிற்கிற இடம் கடைதான். நாற்பத்தெட்டு கலர் பெட்டி, பிரஷ் செட்டு, மரத்தில் ஒரு ஸ்டாண்டு என்று எல்லாம் வந்து இறங்கும், அடுத்த மாதமே பரணில் ஏறும். அதனால் நாம் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம். வியாசர்பாடியோ தண்டையார்பேட்டையோ திருவொற்றியூரோ, வடசென்னையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தண்ணி லாரிக்கு வரிசையில் நின்று பழகிய ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கும். சிவப்போ, பச்சையோ, நீலமோ, பூப்போட்ட டிசைன் இல்லாமல் ஒரே நிறத்தில் இருப்பதாகப் பார்த்து ஒன்றை எடுத்து வையுங்கள். எந்த மீடியத்தைத் தொட்டாலும் முதலில் இந்தக் குடத்தைத்தான் வரையப்போகிறோம்.

ஏன் ஒரே பொருள் என்றால், ஒவ்வொரு மீடியமும் உங்களை வேறொன்றைப் பார்க்கச் சொல்லும். பென்சில் எடுத்தால் வெளிச்சம் எங்கே மெல்ல மங்குகிறது என்று கண் தேடும்; கரியை எடுத்தால் எது மொத்தமாக இருட்டு, எது மொத்தமாக வெளிச்சம் என்பதுதான் கேள்வி; பேனாவில் கோடு எந்தப் பக்கம் ஓடணும் என்று யோசிக்கணும்; வாட்டர் கலரில் எதை வரையாமல் விடப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யணும். இன்றைக்குப் பென்சிலில் ஒரு பூ, நாளைக்கு வாட்டர் கலரில் ஒரு மலை என்று மாற்றிக்கொண்டே போனால், தகராறு பூவிலா பென்சிலிலா என்று கடைசி வரைக்கும் பிடிபடாது.

வாங்க வேண்டியது இவ்வளவுதான்

எச்பி, 2பி, 4பி, 6பி என்று நான்கு பென்சில். நடராஜ், அப்சரா, கேமல் எதுவானாலும் சரி. ஒரு நல்ல ரப்பர், ஒரு பிளேடு, பரீட்சைக்குக் கொண்டுபோவோமே அந்த கிளிப் பேட், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிற ஏ4 தாள் ஒரு கட்டு. ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) இருக்கும், மெல்லிசு, அதனாலேயே பயமில்லாமல் கிறுக்கலாம். கொஞ்சம் கை வந்ததும் 130 ஜிஎஸ்எம்முக்கு மேலே உள்ள, வரைவதற்கென்றே வரும் கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாளுக்குப் போங்கள். தாளுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு, கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகும் அதே தெருதான். அங்கே பெரும்பாலும் மொத்த வியாபாரம், கூட்டமான நேரத்தில் போய் ஒற்றைத் தாள் கேட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நாலு பேராகச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. தாள் கேட்கும்போது 'டிராயிங் பேப்பர்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ஜிஎஸ்எம் எத்தனை, சொரசொரப்பா வழுவழுப்பா என்று கேளுங்கள்.

குடத்தை எப்படி வைப்பது

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். மேலேயிருந்து விழும் டியூப் லைட் வெளிச்சத்தில் குடம் சப்பையாகத் தெரியும், எந்தப் பக்கமும் நிழல் சரியாக விழாது. நம் ஏரியா வீடுகளில் ஜன்னல் ஒன்று இருந்தாலே பெரிசு, அது இல்லையென்றால் வாசல் கதவைத் திறந்துவைத்து அந்த வெளிச்சம் குடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் படுகிற மாதிரி வையுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள், குடத்தின் அடியையும் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுங்கள். நடுவில் யாராவது வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணி பிடிக்கப் போவார்கள், கட்டாயம் போவார்கள்.

இப்போது வடிவம். குடத்தின் வாய் வட்டம்தான், ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அது நீள்வட்டமாகத் தெரியும். புதிதாக வரைபவர்கள் அந்த நீள்வட்டத்தின் இரண்டு ஓரத்தையும் மீன் மாதிரி கூராக முடித்துவிடுவார்கள். ஓரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வளைந்துதான் திரும்பணும். இன்னொன்று, கண் மட்டத்துக்குக் கீழே போகப்போக நீள்வட்டம் அகன்றுகொண்டே வரும். வாயை ஒடுக்கமாக வரைந்தால் அடிப்பாகத்தின் வளைவு அதைவிட உருண்டையாக வரணும். அடியில் நேர்கோடு போட்டு முடித்தால் குடம் தரையில் உட்காராது, பாதியாக வெட்டி ஒட்டியது போல நிற்கும். தெரியாத பின்பக்கக் கோட்டையும் லேசாக வரைந்துவிட்டு அப்புறம் அழிப்பது நல்ல பழக்கம். வாய், கழுத்து, வயிறு, அடி என்று நான்கு நீள்வட்டம், நடுவே ஒரு நேர்க்கோடு, இரண்டு பக்கமும் அந்தக் கோட்டிலிருந்து ஒரே தூரம். அளப்பதற்குக் கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை அளவெடுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும்.

வடிவம் ஓரளவு பிடிபடும் வரைக்கும் ஷேடிங் பக்கம் போகாதீர்கள். கோணலான குடத்துக்கு எவ்வளவு ஷேடிங் அடித்தாலும் கோணல்தான் தெரியும்.

பென்சில்

பென்சில் குச்சிக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. களிமண் கூடினால் கெட்டி, அது எச்; கிராஃபைட் கூடினால் மென்மை, கருப்பு, அது பி. 6பி-யை எவ்வளவு லேசாகப் பிடித்தாலும் எச்பி-யின் மெல்லிய சாம்பல் வராது, எச்பி-யை எவ்வளவு அழுத்தினாலும் 6பி-யின் கருப்பு வராது, தாளில் பள்ளம்தான் விழும், அந்தப் பள்ளம் ரப்பருக்கும் போகாது. அவுட்லைன் எச்பி, நடுத்தர நிழல் 2பி, 4பி, ஆக இருட்டான இடம் 6பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ப்னரைவிட பிளேடால் சீவினால் நீளமான முனை கிடைக்கும், அதன் பக்கவாட்டால் அகலமாக ஷேடு போடலாம். எழுதுகிற மாதிரிப் பிடிக்காமல், பென்சிலை உள்ளங்கைக்குக் கீழே கிடக்கவிட்டு விரல்களால் பிடித்து, தோளிலிருந்து கையை அசையுங்கள். ஓரமாக ஐந்து கட்டம் போட்டு வெள்ளையிலிருந்து கருப்பு வரை ஐந்து படி நிரப்புங்கள். பிறகு குடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பளபளவென்று ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், அது தாளின் வெள்ளை. பிளாஸ்டிக்கில் அந்த வெள்ளையின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். மண்பானையில் அதுவே பரவி மங்கலாக இருக்கும். 'இது பிளாஸ்டிக்' என்று பார்ப்பவருக்குச் சொல்வது அந்த ஓரம்தான், அதைத் தேய்த்து மங்கடித்துவிடாதீர்கள். அப்புறம் நிழல் பக்கத்தின் கடைசி ஓரத்தைக் கவனியுங்கள், அங்கே முழு இருட்டு இருக்காது. தரையில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அந்த ஓரத்தைக் கொஞ்சம் தூக்கியிருக்கும். அந்த மெல்லிய பட்டையை விட்டுவைத்தால்தான் குடம் உருளும்.

விரலால் தேய்த்து ஷேடிங்கை மழமழப்பாக்கும் பழக்கம் வேண்டாம். நம்ம ஊர் வேர்வையில் விரல் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து திட்டுத்திட்டாகப் படியும். தேய்த்தே ஆகணும் என்றால் டிஷ்யூ தாளைச் சுருட்டிக்கொள்ளுங்கள். கைக்கு அடியில் எப்போதும் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும்.

கரி

சார்கோல் என்று கேட்டால் கடையில் கிடைக்கும், மெல்லிய குச்சியாகவும் அமுக்கிச் செய்த கட்டியாகவும். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் போடும் கரித்துண்டாலும் வரையலாம், நடுநடுவே கெட்டியான பாகம் தாளைக் கீறும், அதையும் பொறுத்துக்கொண்டால் காசே செலவில்லை.

இதில் வேலையைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். சொரசொரப்பான தாள் முழுதும் கரியைப் படுக்கவைத்துத் தேய்த்துச் சாம்பல் நிறமாக்கிவிடுங்கள். அதன் மேலே குடத்தின் இருட்டான பக்கத்தைக் கரியால் இன்னும் அழுத்துங்கள், வெளிச்சமான பக்கத்தை ரப்பரால் எடுங்கள். பிசைகிற ரப்பர் என்று ஒன்று இருக்கிறது, சப்பாத்தி மாவு போல எந்த வடிவத்துக்கும் இழுபடும், அதன் முனையைக் கூராக்கி ஒற்றினால் அந்தப் பளபளப்புப் புள்ளி அப்படியே வெளியே வரும். அவுட்லைனே இல்லாமல் ஒரு குடம் எழுந்து நிற்கும். பென்சிலில் ஓரக்கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களுக்கு இந்த ஒரு பயிற்சி போதும், பழைய பழக்கம் விட்டுப்போகும்.

கரி தாளில் ஒட்டாது, கிடக்கும், அவ்வளவுதான். முடிந்ததும் கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேடிவ் ஸ்ப்ரே அடிக்கணும், கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக, மொட்டைமாடியில். மூடிய அறைக்குள் அதை அடித்தால் தலை கிறுகிறுக்கும்.

பேனா, இண்டியன் இங்க்

பேனாவுக்கு அழிப்பது கிடையாது, அதனால்தான் புதியவர்களுக்கு நான் அதை முதல் மாதமே கொடுக்கச் சொல்வேன். பால்பாயிண்ட் பேனா அழுத்தத்துக்கு ஏற்ற மாதிரி மெல்லிசாகவும் கனமாகவும் எழுதும், கொஞ்சம் பென்சில் குணம் உண்டு. ஜெல் பேனாவுக்கு அது கிடையாது, ஒரே கனம்தான். அப்போது நிழலைக் கோடுகளின் நெருக்கத்தால்தான் கொண்டுவரணும். பக்கம் பக்கமாகக் கோடு போடுவது ஒன்று, அதன்மேல் குறுக்கே இன்னொரு அடுக்கு போடுவது இன்னொன்று, புள்ளி வைத்தே நிரப்புவது மூன்றாவது. புள்ளி வைப்பதற்குப் பொறுமை ரொம்ப வேணும், எனக்கு அதில் பெரிய பிரியம் இல்லை.

கோடு எந்தப் பக்கம் ஓடணும்? குடமே சொல்லும். பிளாஸ்டிக் குடத்தைத் திருப்பிப் பாருங்கள், கழுத்திலிருந்து அடி வரைக்கும் மெல்லிய தையல் போல ஒரு வரி இறங்கும், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. அந்த வரி தோளில் எப்படிச் சரிகிறது, வயிற்றில் எப்படிப் பிதுங்குகிறது, கீழே எப்படி உள்ளே திரும்புகிறது என்று பாருங்கள். உங்கள் பேனாக் கோடுகளும் அதே வழியில் போகட்டும். நேர்நேராகக் கோடு அடித்தால் குடம் தட்டையாகிவிடும்.

தொட்டு எழுதும் பேனாவிலோ பிரஷ்ஷிலோ இண்டியன் இங்க் உபயோகித்தால் காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது, மேலே வாட்டர் கலர் அடிக்கலாம். சாதாரண ஃபவுண்டன் பேனா மை கரைந்து ஓடும், அதையே ஒரு நிழலாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. இண்டியன் இங்க்கை மட்டும் ஃபவுண்டன் பேனாவுக்குள் ஊற்றிவிடாதீர்கள், உறைந்து அடைத்துக்கொள்ளும், பேனா போச்சு. கோட்டை மட்டும் வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று பார்க்க ஆசைப்பட்டால் ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள்; மூக்குக்கண்ணாடியும் தடியும் நடையும் கருப்புக் கோட்டிலேயே எப்படி வந்து நிற்கிறது என்று தெரியும்.

வாட்டர் கலர்

எல்லாருக்கும் முதல் ஆசை இதுதான். நான் இதைப் பின்னால் தள்ளியதற்குக் காரணம், இதில் வெள்ளைக்குப் பெயிண்ட் பூசுவதில்லை, தாள்தான் வெள்ளை. பென்சிலில் ஐந்து படி நிழல் பழகாதவருக்கு எதை வெள்ளையாக விடுவது என்றே தெரியாது.

தாளில் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள், பெரிய தாளாக வாங்கி நாலாகக் கிழித்துக்கொண்டால் விலை கட்டுப்படியாகும். மெல்லிய தாளில் தண்ணீர் பட்டதும் அப்பளம் பொரிந்தாற்போல் மேடுபள்ளமாகிவிடும், கலர் எல்லாம் பள்ளத்தில் போய்த் தேங்கும். நாலு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். கலரில் கஞ்சத்தனம் செய்யலாம்: லெமன் யெல்லோ, கிரிம்ஸன், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, நாலு டியூப். பிரஷ் ஒன்று உருண்டையாக, எட்டாம் நம்பரோ பத்தாம் நம்பரோ. குவளை இரண்டு, ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று சுத்தத் தண்ணீருக்கு.

முதலில் மூன்று பயிற்சி. பலகையை லேசாகச் சாய்த்துவைத்து, பிரஷ் நிறையக் கலரோடு மேலேயிருந்து கோடு இழுங்கள், கீழ் ஓரத்தில் ஒரு துளி உருண்டு நிற்கும், அடுத்த கோடு அந்தத் துளியைத் தொட்டுக்கொண்டே போகணும். தண்ணியான கலரை இப்படிப் பரப்பிப் பூசுவதைத்தான் வாஷ் என்பார்கள், இது சமமான வாஷ். ஒவ்வொரு கோட்டுக்கும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் மேலே அடர்த்தி, கீழே வெளிறல். மூன்றாவது, தாளை நனைத்துவிட்டு ஈரத்தின் மேலே கலரைத் தொட்டு விடுவது, தானே பரவும். பரவும்போது நடுவில் போய் நோண்டாதீர்கள். பாதி காய்ந்த வாஷ்ஷில் மறுபடி பிரஷ் வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை விழும், அது போகவே போகாது.

இப்போது குடம். பளபளப்புப் புள்ளியைப் பென்சிலால் மெல்லக் குறித்து அதைத் தொடாமல், உங்களுடையது சிவப்புக் குடம் என்றால், முழுக் குடத்துக்கும் வெளிர் சிவப்பு. காயட்டும். நிழல் பக்கம் இரண்டாவது அடுக்கு. காயட்டும். மூன்றாவது அடுக்கில் சிவப்போடு துளி நீலம் கலந்து ஆழமான இருட்டு. கருப்பு டியூப் வாங்கச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். கருப்பு கலந்தால் சிவப்பு செத்துப்போகும். பிறகு தரையைப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் விழுந்த நிழல் வெறும் சாம்பல் இல்லை, குடத்தை ஒட்டிய இடத்தில் ஒரு சிவப்புச் சாயல் கசிந்திருக்கும். நீலமும் சியன்னாவும் கலந்த சாம்பலைப் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே ஓரத்தில் சிவப்பை ஒரு தொடு தொடுங்கள். இது ஒன்று வந்துவிட்டால் குடம் தரையில் உட்கார்ந்துவிடும்.

சென்னை வெயிலுக்கும் மழைக்கும் இந்த மீடியம் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. மே மாதம் ஃபேனுக்கு அடியில் வாஷ் பாதி போகும்போதே காய்ந்து கோடு விழும். ஃபேனை அணைத்துவிட்டுத் தாளை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் அடுக்கு காய நேரமாகும், அப்போது இரண்டு மூன்று படத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வேலை செய்யலாம்.

போஸ்டர் கலர் இதற்கு நேர் எதிர்: அடியில் இருப்பதை மறைக்கும், வெள்ளையைக் கடைசியில்கூட வைக்கலாம். அக்ரிலிக்கும் மறைக்கும், சீக்கிரம் காயும், காய்ந்தால் கொஞ்சம் இருண்டு தெரியும், பிரஷ்ஷை உடனே கழுவவில்லையென்றால் குப்பையில்தான் போடணும். இந்த இரண்டையும் வாட்டர் கலருக்கு அப்புறம் எடுத்தால் தானாகவே வரும்.

ஆயில் பேஸ்டல்

பசங்க பெட்டியில் கிடப்பதை யாரும் மதிப்பதில்லை, ஆனால் நல்ல மீடியம். சிவப்புக் குடத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு, மெரூன், ஊதா என்று ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்துங்கள். அடுக்கு ஏறிய பிறகு பழைய பிளேடால் சுரண்டினால் அடியில் இருக்கும் நிறம் எட்டிப்பார்க்கும். டர்பன்டைனைப் பஞ்சில் துளி தொட்டுத் தேய்த்தால் பெயிண்ட் மாதிரி கரையும், ஜன்னல் திறந்திருக்கட்டும். இது முழுசாக எப்போதும் காயாது, அதனால் மேலே பட்டர் பேப்பர் போட்டு வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் குச்சியே இளகிவிடும்.

வெளியே போய் வரைவது

குடத்தை எல்லா மீடியத்திலும் ஒரு சுற்று முடித்தவர் தெருவுக்கு வரலாம். எந்த இடத்துக்கு எந்த மீடியம் என்று இப்போது உங்களுக்கே தோன்றும், ஆனாலும் சிலதைச் சொல்கிறேன்.

நேர்கோட்டுக்கு ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. வரிசையாகத் தூண்கள் இருப்பதால் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப்போகச் சிறுத்துத் தெரிவதை வரைந்து பழக இதைவிட நல்ல கட்டடம் நம் பக்கத்தில் இல்லை. சாலையோரமாக நின்று, பென்சிலைக் கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்து, கண் மட்டம் தூணில் எங்கே வெட்டுகிறது என்று முதலில் குறியுங்கள். அதற்கு மேலே உள்ள கோடுகள் தூரம் போகப்போக இறங்கி வரும், கீழே உள்ளவை ஏறும். தூண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் போகப்போகக் குறுகணும், பலரும் தூணை மட்டும் சின்னதாக்கிவிட்டு இடைவெளியை அப்படியே விட்டுவிடுவார்கள். பென்சிலோ பேனாவோ போதும்.

காசிமேட்டில் கடல் கிழக்கே. காலையில் கரையிலிருந்து பார்த்தால் சூரியன் படகுகளுக்குப் பின்னால் இருக்கும், எல்லாம் கருப்பு உருவமாகத் தெரியும். அது கரிக்கும் இங்க்குக்கும் உரிய நேரம். சாயங்காலம் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து போய்ப் படகின் மேல் விழும், நிறமெல்லாம் அப்போதுதான் எழும், வாட்டர் கலரை அப்போது எடுங்கள். குவிந்து கிடக்கும் வலையைக் கண்ணி கண்ணியாக வரைய உட்காராதீர்கள், குவியலின் மொத்த இருட்டைப் போட்டுவிட்டு ஓரத்தில் மட்டும் நாலு கண்ணியைக் காட்டினால் மற்றதைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். ஏலம் நடக்கும் நேரத்தில் வழியில் உட்கார்ந்தால் திட்டு விழும், நியாயம்தான். மீன் வெட்டுகிற அக்காவை வரையணும் என்றால் 'அக்கா, வரைஞ்சுக்கட்டுமா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மனுஷங்களை வரைய எனக்குத் தெரிந்து ஆக நல்ல இடம் தெருமுனை கேரம் போர்டு. ஆடுகிறவர் குனிவார், குறிபார்ப்பார், அடித்துவிட்டு நிமிர்வார், மறுபடி அவர் முறை வரும்போது அதே மாதிரிதான் குனிவார். ஒரே தாளில் நாலு நிலையை ஆரம்பித்து வையுங்கள், அந்த நிலை திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முதலில் முதுகெலும்பு ஒரு வளைவு, தோள் ஒரு கோடு, இடுப்பு ஒரு கோடு, முகம் கடைசியில், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதற்கு பால்பாயிண்ட்தான் சரி. இஸ்திரி வண்டிக்கும் இதே கணக்கு.

முறைப்படி படிக்கணும் என்று தோன்றினால் பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. நுழைவுத் தேர்வில் வரையச் சொல்வார்கள், போட்டோவைப் பார்த்து மட்டுமே வரைந்து பழகியவர்கள் அங்கே திணறுவார்கள்.

வரைந்ததைப் பத்திரப்படுத்துவது கடைசி வேலை. சுவரில் சாய்த்துவைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவர் ஈரம் தாளுக்கு ஏறிப் பூஞ்சை பிடிக்கும். படுக்கையாக, நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு அட்டைக்கு நடுவே கட்டி, பீரோ மேல் தட்டில் வையுங்கள். பின்பக்கம் தேதி, பென்சில் நம்பர், தாளின் ஜிஎஸ்எம் எழுதிவையுங்கள், அடுத்த முறை கடைக்குப் போகும்போது அதைப் பார்த்துத்தான் வாங்கணும்.